காப்புக் கட்டிய கார்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிறவள் நான். ஆனாலும் ஜான்கி அக்காவின் காரைப் பற்றிக் கேட்டால் நடந்ததைத்தான் சொல்வேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எங்கள் தீவில், வோட்டுவாலேவு என்ற ஊரில் அக்கா எங்களுக்கு அடுத்த வீடு. கரும்புக்காரக் குடும்பம். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த நிமிஷமே கோழியைத் திட்டுகிற சாக்கில் என்னையும் சேர்த்துத் திட்டுவாள். தனியாளாக மகள் அஷ்னிதாவை வளர்த்து ஆளாக்கி, சிட்னிக்கு அனுப்பினவள். புருஷன் தேவேந்திரா எண்பத்தேழில், ராணுவம் முதன்முதலாக ஆட்சியைப் பிடித்த வருஷம், ஆக்லாந்துக்குப் போனவன்தான்.

அவன் போன விதமே சரியில்லை. மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தான். திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. நடுவில் விசா வந்துவிட்டது. தெருவில் சிப்பாய்கள் நிற்கிற காலம், யார் காத்திருப்பார்கள்? மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைத் தானே கழற்றி, தன் பச்சைக் காரின் டாஷ்போர்டில் இருக்கும் சோக் குமிழில் கட்டினான். "எனக்குப் பதிலா இது இங்க இருக்கட்டும். நான் வந்து இதே கார்ல உன்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போறேன்" என்றானாம். சாமியையே ஏமாற்றப் பார்த்த ஆள்.

மூன்றாம் வருஷம் அவன் அங்கே செத்துப்போனதாகச் சேதி வந்தது. அக்கா நம்பவில்லை. "காப்பு அவிழாம எப்படி வினி சாவாரு?" என்று என்னைக் கேட்பாள். பொட்டையும் அழிக்கவில்லை, கயிற்றையும் தொடவில்லை. கார் மாமரத்தடியில் அப்படியே நின்றது.

இரண்டாயிரத்தில் மறுபடி ஆட்சிக் கவிழ்ப்பு. கூடவே நிலத்தின் லீஸும் முடிந்தது, வீட்டைக் காலி பண்ண வேண்டும். அஷ்னிதா டிக்கெட் அனுப்பிவிட்டாள். அக்கா அசையவில்லை. "அந்தக் கார்லதான் போவேன். அது ஓடலைன்னா நான் வரலை" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஆங்காங்கே இந்தியர் வீடு புகுந்து அடிக்கிற நேரத்தில் ஒற்றைப் பொம்பளையை அங்கே விட்டுவிட்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பது? என் வீட்டுக்காரர் பெர்சிவல் மெக்கானிக். அவரைப் பிடித்துத் தள்ளி அனுப்பினேன்.

அவர் தன் லாரி பாட்டரியை மாட்டினார், பெட்ரோல் டாங்கைக் கழுவினார். சோக்தான் மசியவில்லை. குமிழை இழுத்தால் கேபிள் போய்க் கார்பரேட்டரில் காற்றை அடைக்க வேண்டும், அப்போதுதான் குளிர்ந்த என்ஜின் பிடிக்கும். கேபிளின் உள்கம்பி உறைக்குள் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. கார்பரேட்டர் பக்க முனையைக் கழற்றி, உறையின் வாயில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, குறட்டால் கம்பியை நூலளவு இழுத்து நூலளவு தள்ளி, சாயங்காலம் முழுக்கப் போராடினார். கடைசியில் கம்பி வழுக்கிக்கொண்டு ஓடியது. குமிழை உள்ளே தள்ளி, காரைப் பூட்டி, சாவியை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டினார்.

காலையில் போய்ப் பார்த்தால் குமிழ் முழுக்க வெளியே இழுபட்டிருந்தது. எவ்வளவு தள்ளியும் உள்ளே போகவில்லை. அப்படியே ஓட்டினால் பெட்ரோல் கூடிப்போய் என்ஜின் திணறி நின்றுவிடும் என்றார் பெர்சிவல்.

மறுபடி எண்ணெய், மறுபடி குறடு. மறுநாளும் அதே கதை. கயிறு வேறு. வருஷக்கணக்கில் கிடந்து சாம்பல் நிறமாகிப்போன கயிறு இப்போது மஞ்சளாக, ஈரமாக இருந்தது. தொட்டேன். விரலில் ஒட்டியது, பச்சை மஞ்சள் வாசனை.

"உண்மையைச் சொல்லுக்கா. நீதானே?"

"என் மக மேல சத்தியமா நான் தொடலை. சாவி உன் வீட்லதானே இருக்கு." அக்கா கயிற்றைப் பார்த்தபடியே சொன்னாள். "அவருதான். என்னைப் போகவிட மாட்டேங்கிறாரு."

பயணத்தன்று காலையும் குமிழ் வெளியேதான். பெர்சிவல் பானெட்டைத் திறந்து உள்ளே கை வைத்துப் பார்த்துவிட்டு மூடினார். குறட்டைக் கையில் எடுத்தவரை, "வேணாம் தம்பி" என்று அக்கா தடுத்தாள். தானே காருக்குள் ஏறி உட்கார்ந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவிழ்த்தால் புருஷன் செத்தவன். அவிழ்க்காவிட்டால் பயணமும் இல்லை, இருக்க வீடும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். புறப்படுகிறவர்களைப் பார்த்து 'போயிட்டு வாங்க' என்றுதான் நாங்கள் எல்லோருமே சொல்வோம். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"போங்க" என்றாள். "போதும். போங்க."

யார் கையும் படாமல் குமிழ் மெதுவாக உள்ளே போனது. கடைசியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

பெர்சிவல் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்தது. வழியில் பாலத்தருகே நிறுத்தச் சொல்லி, அக்கா கயிற்றை ஆற்றில் விட்டாள். நெற்றிப் பொட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்து என்ஜினை அணைத்த பிறகுதான் பெர்சிவல் வாயைத் திறந்தார்.

"சோக் உள்ள இருந்துச்சு வினி. குளிர்ந்த என்ஜின் அப்படிப் பிடிக்காது."

"பின்ன எப்படிப் பிடிச்சது?"

"காலைல என்ஜின் மேல கை வெச்சுப் பார்த்தேன், ஏற்கெனவே சூடா இருந்துச்சு. உங்களைப் பயமுறுத்த வேணாம்னு சொல்லலை. சோக்கை இழுக்கறது வண்டியை நிறுத்தறதுக்கு இல்ல. கிளப்பறதுக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் அவளைத் தடுக்க வரவில்லை. சொன்னபடி ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறான். அவளோ போகச் சொல்லிவிட்டாள்.

சிட்னியிலிருந்து போன் பண்ணினால் அக்கா முதலில் கேட்பது அதைத்தான்: "குமிழ் உள்ளதானே இருக்கு?" உள்ளேதான் இருக்கிறது என்பேன். மற்றதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பதின்மூன்று வருஷம் எட்டிப் பார்க்காதவன், அவள் பெட்டி கட்டின பிறகு வந்தானே. அவனுக்கு 'போங்க' என்ற அந்த ஒரு வார்த்தை போதும்.