செவ்வாய் கிரகத்தில் அத்தாவின் மூக்கு

இன்று மதியம் குயின் ஸ்திரீட் பக்கம் ஒரு நாசி கண்டார் கடையில் சோறும் கறியும் சாப்பிடப் போனேன். கடையை நடத்தும் அண்ணன் தம்பி இருவரும், அவர்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பா இறந்ததிலிருந்து பேசிக்கொள்வதில்லை. அண்ணன் கறி ஊற்றுவார், தம்பி கல்லாவில் இருப்பார். இடையில் தூது போவது சாப்பிட வருகிற நாங்கள்தான்.

இணையத்திலிருந்து அச்செடுத்த செவ்வாய் கிரகப் படங்கள் என் கையில் இருந்தன. முகம் மாதிரி தெரியுமே, அந்தப் பழைய படம் மேலே இருந்தது.

அண்ணன் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்.

"நம்ம அத்தா மாதிரியே இருக்கு லா."

"அத்தாவுக்கு மூக்கு இவ்வளவு சப்பையா?" என்றார் தம்பி, நேராக அண்ணனிடமே.

"நீ ஆஸ்பத்திரியில பார்த்ததை வச்சுப் பேசுற. அதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்தாரு."

தம்பி எழுந்து வந்து படத்தை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "ஆமாண்ணே" என்றார்.

நான் கடமைக்காக அடுத்த படத்தையும் காட்டினேன். "இது அதே இடம்தான், இப்ப புதுசா எடுத்தது. வெறும் மேடு அண்ணே. அதுல நிழல் விழுந்திருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது மேடுதான்," என்றார் தம்பி. "அது அத்தா."

"சாப்பிடுங்க, ஆறிடப் போகுது," என்றார் அண்ணன்.

உங்கள் உறவினர் யாராவது அந்தப் படத்தில் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். கடையில் மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.