கயிறு கட்டிய வாளி

கான்சாஸில் குழாய் பதிக்கிற வேலை முடிந்துவிட்டது. அடுத்த வேலை வயோமிங்கில். டெல்மருக்கு வெல்டிங் தெரியும், ஊர் மாறத் தெரியும், வேறொன்றும் தெரியாது. அறுபதைத் தாண்டியும் மனுஷன் அலைகிறான். வேலை போகிற இடத்துக்கெல்லாம் வீடும் போக வேண்டும். வீடு என்றால் பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற ட்ரெய்லர். அடுப்பு, கட்டில், மனைவி ரோவீனாவின் தையல் மிஷின் எல்லாம் அதற்குள்தான்.

இந்தத் தடவை ரோவீனா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"உன் வண்டியில இனி நான் ஏற மாட்டேன். அர்கன்சாஸ்ல மில்லி அக்கா வீட்டுக்குப் போறேன். அக்கா எனக்குக் கட்டிலே போட்டு வச்சிட்டா. நீ உன் வண்டியைக் கட்டிக்கிட்டு அழு."

அந்த வண்டி கிழவனுக்கு வந்த ஆசை. வாங்கின கையோடு அடியில் கட்டை கொடுத்து, நீளமான ஸ்பிரிங் போட்டு, ஆறு அங்குலம் தூக்கிவிட்டான். சக்கரம் இடுப்பு உயரம். ஏறுகிற படிகூட அழகைக் கெடுக்கிறதென்று கழற்றி எறிந்தான். தொழிலாளர் முகாமில் இளவட்டங்கள் விசிலடித்தார்கள், இவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் இழுக்கிற வண்டி உயர்ந்தால், கொக்கித் தண்டை எவ்வளவு கீழே தொங்கவிட்டாலும் ட்ரெய்லரின் மூக்கு மேலே தூக்கும், பாரமெல்லாம் பின்னால் சாயும். போன தடவை வரும்போது குறுக்குக் காற்றில் ட்ரெய்லர் வாலாட்டிய ஆட்டத்தில், சாலையோரப் பள்ளத்துக்கே போய்விட்டுத் திரும்பினார்கள். ரோவீனா காலடியில் எப்போதும் வைத்திருக்கும் வெள்ளை வாளியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அது குப்பை வாளி என்றுதான் டெல்மர் நினைத்திருந்தான்.

அந்த ஆட்டத்தில்தான் பயந்துவிட்டாள், பாவம். அவள் இல்லாத ட்ரெய்லருக்கு வேலை முடிந்து எப்படித் திரும்புவது? விளக்கு எரியாது. டப்பா பீன்ஸைச் சூடாக்காமலே தின்றுவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

பக்கத்து ட்ரெய்லரில் மனைவியோடு இருக்கும் டஃபியிடம் அதே மாதிரி வண்டி, கம்பெனியிலிருந்து வந்தபடி தூக்காமல் இருந்தது. டெல்மர் வண்டியின் உயரத்தைப் பார்த்து நாள்தோறும் ஏங்குகிறவன் அவன்.

"உன் ஸ்பிரிங்கை எனக்குக் குடு, என்னுதை நீ எடுத்துக்க. டயரும் சேர்த்து" என்றான் டெல்மர்.

"என்ன பெரிசு, நல்லா வளர்ந்த மீசையை வழிச்சுக்கப் போறியா?"

"வாயை மூடிக்கிட்டு ஜாக்கியை எடுத்துட்டு வா."

சனியும் ஞாயிறும் இரண்டு வண்டிகளும் சக்கரமில்லாமல் முட்டுக்கட்டை மேல் நின்றன. துரு ஏறிய நட்டு ஒன்றும் அசைந்து கொடுக்கவில்லை. டெல்மர் மல்லாந்து படுத்து, கண்ணில் துரு விழ விழ, ஸ்பானரைத் தொங்கி இழுத்தான். தோள் விட்டுப்போனது. ஷாக் அப்சார்பரை மாட்டும்போது வண்டிக்கடியிலேயே தூங்கிவிட்டான். டஃபிதான் காலைப் பிடித்து உலுக்கினான்.

"செத்துட்டியோன்னு பயந்துட்டேன்யா!"

"சாகக்கூட நேரமில்லடா."

எல்லாம் முடித்துக் கொக்கியை மாட்டிவிட்டு டெல்மர் பெருமையாக நின்றான். ட்ரெய்லருக்குள் டமாலென்று ஒரு சத்தம். ட்ரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்று ரோவீனா எப்போதும் மேஜைமேல் ஒரு முட்டையை வைத்துப் பார்ப்பாள். முட்டை முன்பக்கமாக உருண்டு, கண்ணாடிக் கிண்ணத்தையும் தள்ளிக்கொண்டு விழுந்துவிட்டது. ரோவீனா வாசலுக்கு வந்து கத்தினாள்.

"அட கூறுகெட்ட மனுஷா! வண்டியை இறக்கினே, அந்தக் கொக்கித் தண்டை யாரு மாத்துவா? அது உயரமான வண்டிக்குக் கீழே தொங்கவிட்டதில்ல? தலைகீழாத் திருப்பி மாட்டு!"

டஃபி விழுந்து விழுந்து சிரித்தான். டெல்மர் திருப்பி மாட்டினான். இரண்டாவது முட்டை அசையவில்லை.

திங்கட்கிழமை காலை ரோவீனா பெட்டியோடு இறங்கினாள். பஸ் நிலையத்துக்கு டஃபி கொண்டுவிடுவதாக ஏற்பாடு. கையில் அந்த வெள்ளை வாளி.

"ரோவீனா, இனிமே ஆடாதும்மா. சத்தியமா ஆடாது" என்றான் டெல்மர்.

"ஆட்டமா? ஆட்டத்துக்கா நான் பயந்தேன்?" வாளியை அவன் முன்னால் டொக்கென்று கவிழ்த்து வைத்தாள். பிடியில் நீளமாக ஒரு கயிறு கட்டியிருந்தது. "என் காலுக்கு அந்த உயரம் எட்டலை. ரெண்டு வருஷமா இது மேல ஏறி நின்னுதான் உள்ள வரேன். ஏறினப்புறம் கயித்தைப் பிடிச்சு வாளியை மேல இழுத்துக்குவேன். நீதான் எனக்கு முன்னாடியே ஏறி உக்காந்து வண்டியைக் கிளப்பிடுவியே! இவ எப்படி ஏறினான்னு ஒருநாளாவது திரும்பிப் பார்த்தியா?"

டெல்மரால் நிமிர முடியவில்லை. வெட்கமாக இருந்தது. கழற்றி எறிந்த படி ஞாபகம் வந்தது. போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

ரோவீனா வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து கதவோரத்தைப் பிடித்துக் காலை வைத்தாள். கால் எட்டியது. ஏறி உட்கார்ந்தாள்.

"பெட்டியை எடுத்து வை. மில்லிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்."

டெல்மர் பெட்டியை வைத்துவிட்டு வாளியையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

"அது எதுக்கு நமக்கு?" என்றவள், புதிதாக உயர்ந்து நின்ற தன் வண்டிமேல் சாய்ந்திருந்த டஃபியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "டேய் டஃபி! இதை உன் பொண்டாட்டிகிட்ட குடு."