கட்டை உருளும் சத்தம்

தொடைப் பிடிப்புக்காக வைட்டிலாவில் ஒரு ஃபிஸியோதெரபி நிலையத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் நீளமான உருளை ஒன்றை எடுத்து, "இதத் தொடையில வெச்சு உருட்டப் போறேன்" என்றாள். நான் அந்த உருளையையே பார்த்தேன்.

எமர்ஜென்சியின்போது நாங்கள் மட்டாஞ்சேரியில் இருந்தோம். அரசை எதிர்த்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியதற்காக மாமாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வந்தவர் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். அன்று சாயங்காலம் அம்மா சப்பாத்தி இட உட்கார்ந்தாள். பலகையில் கட்டை உருளும் சத்தம் கேட்டதும் மாமா தொடைகளைக் கைகளால் மூடிக்கொண்டு மூலையில் ஒடுங்கினார். பாய் நனைந்துவிட்டது.

"மாமாவுக்கு என்னம்மா?"

அம்மா ஜன்னலைச் சாத்தினாள். "ஸ்டேஷன்ல உலக்கையத் தொடையில வெச்சு உருட்டியிருக்கா. வெளியில யார்ட்டயும் மிண்டாதே, வாயத் திறக்கப்படாது."

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கட்டையைத் தொடவில்லை. உள்ளங்கையால் தட்டித்தான் சப்பாத்தி சுட்டாள். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் தட்டுவதையும் நிறுத்திவிடுவாள். கோணல்மாணலான அந்தச் சப்பாத்தியை மாமா இருந்தவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

"காலை இவ்வளவு இறுக்காதீங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "நான் இன்னும் தொடவே இல்லையே."

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கைகளும் தொடைகளை மூடியிருந்தன.