பாட்டுக்கு வந்த விக்கல்

அது மாசி மகத்துக்கு அடுத்த வாரம். தேதி நினைவில்லை. ஆனால் தேரடியில் வாங்கிய கண்ணாடி வளையல்களில் அப்போது இரண்டுதான் உடைந்திருந்தன. ஆகவே வாரக் கணக்கு தவறாது. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன்.

அப்பா ரேடியோ செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரையும் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட்டுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். அம்மா வீட்டை ஒட்டிய கொட்டகையில் பீங்கான் பொம்மை செய்தாள். கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி எடுத்து, ஓரப் பிசிறுகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்கிச் சூளைக்கு அனுப்புவாள்.

அந்த வருடம் சி.டி. வந்துவிட்டது. அதை எங்களுக்கு அறிவித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கடலூரில் ஒரு பாட்டுக் கடையில் வேலை பார்த்ததால், சங்கீதத்தின் எதிர்காலம் முழுக்கத் தன் பொறுப்பில் இருப்பதாக அவர் நம்பினார். கேசட்டைக் கைகழுவிவிட்டு சி.டி. செட்டுக்கு மாறும்படி ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அப்பாவிடம் பேசினார். அதற்கான பணம் எங்களிடம் இல்லை. கொட்டகையையும் அச்சுகளையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளக் கம்மாபுரத்தில் ஒரு ஆளையும் அவரே பிடித்துவைத்திருந்தார்.

"அக்காவுக்கும் இனிமே ரெஸ்ட்டு கிடைக்கும் மாமா" என்றார் அப்பாவிடம். அம்மா மண் கரைக்கும் வாளியைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் மனைவியின் தம்பியிடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது வழக்கமில்லை. நாளைக்கு எங்கள் வீட்டு விசேஷங்களில் மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ள வேண்டியவர் அவர். அப்பா "பாக்கலாம் மாப்ள" என்றார். இப்படி மூன்று நான்கு ஞாயிறுகள் பார்த்த பிறகு, பார்ப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லாமல் போயிற்று. மாமா கடையிலிருந்து சி.டி. பிளேயரையும் ஒரு பாட்டுத் தட்டையும் கேட்டு வாங்கி வந்தார். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு காதுகுத்து. அங்கே ஓட்டிப் பார்ப்பது, சரியாக இருந்தால் மறுநாளே கொட்டகையைப் பேசி முடிப்பது என்று ஏற்பாடு.

அன்று காலை அந்தத் தட்டு கட்டில்மேல் கிடந்தது. எங்கள் வீட்டில் எல்லாப் பொருளின்மேலும் படியும் வெள்ளைத் தூசி அதன்மேலும் படிந்திருந்தது. அம்மா அதை எடுத்தாள். கையில் இருந்த ஸ்பாஞ்சாலேயே, பொம்மைப் பீடத்தைத் துடைப்பதுபோல வட்டம் வட்டமாக அழுத்தித் துடைத்தாள். பிறகு முந்தானையால் ஈரத்தை ஒற்றி உறைக்குள் வைத்தாள். சி.டி.யை நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைக்கக்கூடாது என்று பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். ஸ்பாஞ்சில் ஊறியிருந்த களிமண்ணைப் பற்றி அந்தப் புத்தகம் எதுவும் சொல்லவில்லை.

காதுகுத்தில் ரேடியோ செட்காரருக்கு முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஆசாரி ஊசியை எடுத்ததும் சத்தத்தைக் கூட்ட வேண்டும். பிள்ளையின் அழுகை சபைக்குக் கேட்கக்கூடாது. ஆசாரி ஊசியை எடுத்தார். அப்பா சத்தத்தைக் கூட்டினார். பாட்டு ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு, கூட்டிய சத்தத்தோடு அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. அழ வாயைத் திறந்த பிள்ளை, திகைத்து ஸ்பீக்கரையே பார்த்தது. அதற்குள் ஊசி ஏறி இறங்கிவிட்டது.

"பாட்டுக்கு விக்கல் எடுத்துக்கிச்சு. யாராவது ஒரு சொம்பு தண்ணி குடுங்கப்பா" என்றார் பந்தலில் ஒரு பெரியவர். பந்தலே சிரித்தது. அப்பா நிதானமாகக் கேசட்டைப் போட்டார்.

மாமா தட்டை வெளியே எடுத்து வெயிலில் திருப்பினார். வட்டம் வட்டமாகக் கீறல்கள் மின்னின. யார் இதைத் தொட்டது என்று கேட்டார். அம்மா மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"யாரும் தொடல மாப்ள. நம்ம ஊரே மண்ணு. இது இங்க ஒத்துவராது" என்றார் அப்பா.

மாமா தட்டை உறைக்குள் போட்டுக்கொண்டார். கம்மாபுரத்துக்கு ஆள் போகவில்லை. நாங்கள் வீடு திரும்பியபோது அம்மா அச்சுகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. டீ போடட்டுமா என்றுதான் கேட்டாள். அப்பா குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். அவர் இரண்டாவது டம்ளர் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

சில வருடங்களில் பென் டிரைவ் வந்து சி.டி.யையும் ஓரங்கட்டியது. அப்பாவுக்குத் தொலைநோக்கு இருந்ததாக உறவில் இன்றும் சொல்கிறார்கள்; நான் மறுப்பதில்லை. அன்றைக்கு எனக்கிருந்த நிம்மதியெல்லாம், அம்மாவின் தவறு அப்பாவுக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா கொட்டகை வாசலில்தான் ஒயர் சுருட்டிக்கொண்டு நின்றார். நிமிர்ந்து பார்த்தார், சுருட்டி முடித்தார், வண்டியில் ஏற்றப் போய்விட்டார். அவர் பார்த்தும் தடுக்காமல் போனதை நானும் பார்த்தேன். அதன் அர்த்தம்தான் அன்று எனக்குத் தெரியவில்லை.