கழுத்து வரியை அழித்தவர்

கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் பக்கத்தில் பாதி என் வாயிலிருந்து வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அதில் ஒரு வரி காணாமல் போனதை முதலில் கண்டது நான்தான்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்து வந்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேசைக்கு நான் பொறுப்பு. எங்களுக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் குழந்தைச் சட்டைகள். ஆபீசில் விக்கி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கம்பெனிக்குள் இருப்பவர்கள் எழுதவும் திருத்தவும் முடிகிற பக்கங்கள். ஓர் ஆர்டருக்கு ஒரு பக்கம். அதை அச்செடுத்து மேசைக்கு மேலே தொங்கவிடுவார்கள்.

ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் பெண் மூன்று நாள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு சட்டையை நான் எப்படிப் பார்க்கிறேன் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.

“ஒவ்வொரு ஆர்டருக்கும் இதையே எழுதறதுக்கு, ஒரு தடவை எழுதி டெம்ப்ளேட்டா வெச்சுக்கலாமுங்கம்மா. அளவுக்கு மட்டும் காலியா எடம் விட்டுட்டா, அந்தந்த ஆர்டர்ல நம்பரப் போட்டாப் போதுமுங்க.”

“கட்டிங் மாஸ்டர் வெச்சிருக்கற அட்டை மாதிரியா கண்ணு? ஒண்ண வெச்சு ஆயிரம் துணி வெட்டறாரே.”

“அதே மாதிரிதானுங்க. ஆனா அட்டைய மாத்தினா, முன்னாடியே வெட்டின துணி மாறாது. இதுல டெம்ப்ளேட்ட மாத்தினா, அதப் போட்டிருக்கற பக்கம் அத்தனையும் மாறிப்போயிருமுங்க.”

இதையே என்னை வைத்துக்கொண்டு மேனேஜரிடமும் சொன்னாள். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், “அட்டைதானே, புரியுதுங்க” என்றார்.

நான் சொன்னவற்றில் முக்கியமானது கழுத்து வரி. கழுத்தை இரண்டு கையாலும் இழு, இத்தனை சென்டிமீட்டர் விரிய வேண்டும், தையல் அறுந்தால் ஒதுக்கு. குழந்தைக்கு உடம்பைவிடத் தலை பெரியது. கழுத்து விரியாத சட்டையை மாட்டிப் பார்த்த தாய்க்குத் தெரியும்.

சில மாதம் கழித்துப் பெரியவர்கள் போடும் பனியன் ஆர்டர் ஒன்று வந்தது. அதற்குக் கழுத்து அளவு தேவையில்லை. அந்த இடம் காலியாக நின்றது மேனேஜரின் கண்ணை உறுத்தியிருக்கிறது. அந்த ஒரு பக்கத்தில் மறைத்திருக்கலாம். அவர் டெம்ப்ளேட்டுக்குள் போய் வரியையே அழித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

மகளின் பிரசவத்துக்காக நான் நான்கு நாள் குன்னத்தூர் போயிருந்தேன். அதற்குள், முன்பே பக்கம் எழுதி வைத்திருந்த ஒரு குழந்தைச் சட்டை ஆர்டர் மேசைக்கு வந்தது. அந்தப் பக்கத்தைப் புதிதாக அச்செடுத்த தாளும் தொங்கியது. எங்கள் மேசையின் பழைய பெண்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. கைப்பழக்கத்தில் கழுத்தை இழுத்துப் பார்த்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவள் பத்தாவது படித்தவள். தாளை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து, அதில் இருந்ததை ஒன்றுவிடாமல் செய்தாள். சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து இழுத்துப் பார்த்தபோது, அவள் பார்த்த பெட்டிகளில் மட்டும் கழுத்துகள் அறுந்தன.

நான் திரும்பி வந்த காலையில் மேனேஜர் அவளை மேசை முன்னால் நிற்க வைத்திருந்தார்.

“படிச்சவீங்கன்னுதானுங்க சேத்தோம். கழுத்த இழுக்கோணும்னு கூடவா தெரியாதுங்க? நாளையில இருந்து வர வேண்டாமுங்க.”

“தாள்ல போட்டிருந்தத எல்லாம் செஞ்சேன் சார்.”

“அப்ப தாள் பொய் சொல்லுதுங்களா?”

இத்தனை ‘ங்க’ போட்டு ஒருத்தியின் பிழைப்பை அறுக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். புருஷனுக்கு வேலை நின்று, இவள் கையால்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தாள்.

நான் தாளைக் கழற்றி விரல் வைத்துப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். என் வரி இல்லை. நேரே ஆபீசுக்குப் போனேன். அந்தப் பெண் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தாள். யார், எப்போது, எதை மாற்றினாலும் அதில் பதிந்துவிடுமாம். அழித்ததற்கு அடையாளமாக என் வரி சிவப்பில் கிடந்தது.

“அதுக்குப் பக்கத்துல இருக்கறது யாரு பேரு கண்ணு?”

“மேனேஜருதுங்கம்மா” என்றாள், குரலை இறக்கி.

அவள் வரியைத் திரும்பப் போட்டாள். ஒரு நொடியில் எல்லாப் பக்கமும் சரியாகிவிட்டது. மேனேஜரும் அங்கே வந்து நின்றார்.

“அந்தப் பனியன் ஆர்டருக்குத்தானுங்க எடுத்தேன். அட்டைய வெட்டினா பழைய துணி எப்படிங்க மாறும்?”

“மாறும்னு இந்தப் புள்ள என்ற முன்னாடியே உங்ககிட்டச் சொல்லுச்சுங்க.”

“கம்ப்யூட்டர் மிஸ்டேக்குங்க, விடுங்க. அவங்கள வேணா வரச் சொல்லுங்க.”

“நான் எதுக்குங்க சொல்லோணும்? மேசை முன்னால வெச்சு வேண்டாம்னீங்க. அங்கயே வந்து சொல்லுங்க.”

சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். எல்லோரையும் வேலையிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். பெட்டிக்காக லாரி வாசலில் நின்றது.

“ஏனக்கா, மன்னிப்புக் கேக்கறதுக்கும் அவருக்கு ஒரு டெம்ப்ளேட்டு எழுதிக் குடுங்க” என்றாள் ஒருத்தி. “ஆள் பேர மட்டும் காலியா விடுங்க. அடுத்த தடவைக்கும் ஆவும்.”

மேசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தப்பு இவங்க மேல இல்லீங்க. வரிய எடுத்தது நான்தான். வேலையப் பாருங்க.”

“ரொம்ப நன்றி சார்” என்றாள் அவள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. அவர் போன பிறகு கேட்டேன்: “நீ எதுக்கு நன்றி சொன்ன?”

“வேலை இருக்குல்லாம்மா.”

பையரின் ஆள் ஒதுக்கிய பெட்டிகளைப் பிரித்து, இருவரும் சாயங்காலம்வரை கழுத்துகளை இழுத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு என் கையில் நல்ல தையல்களும் சில அறுந்தன.