ஓட்டில் வந்த தணல்

சாந்தம்மா நர்ஸ் இறந்துபோன செய்தியைப் படுத்த படுக்கையில்தான் கேட்டேன். எனக்கும் என் மனைவி ராசம்மாளுக்கும் மலைக்காய்ச்சல். அடிவாரச் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கிவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெரியண்ணன் வாசலிலேயே நின்றார். “வாத்தியாருங்களே, நம்ம நர்சம்மா போயிட்டாங்க. இதே காச்சலுங்க” என்றார். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம் வந்துவிட்டது.

நம் மலையில், இந்த வளப்பூர் நாட்டு ஊர்களில் அந்த அம்மாளை அறியாதவர் யார்? கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து வந்து, நம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கொட்டகை நடத்தியவர். அதற்கு முன்பு, யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்களுக்குக் கைவேலை கொடுத்தே விரல்களைப் பழக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். அங்கே கற்றதை இங்கே நம் பிள்ளைகளுக்குச் செய்தார். இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய பிள்ளைகளும் அவர் முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் உரித்திருப்பார்கள்.

என் மகள் பொன்னிக்குச் சின்ன வயதில் ஒரு கடும் காய்ச்சல் வந்து, வலது கை துவண்டுபோயிற்று. நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. மலைக்காய்ச்சல் எங்கள் இருவரையும் கொண்டுபோய்விட்டால் இவள் வாயில் யார் சோறு வைப்பார்கள்? எந்த வேலை செய்தாலும் இந்த ஒரே கேள்விதான் மனத்தில் ஓடும். கை நோகக்கூடாது என்று ராசம்மாள் அதைப் பழைய சேலைத் துணியில் கட்டிக் கழுத்தோடு மாட்டியிருந்தாள். ஊட்டுவது, தலை சீவுவது எல்லாம் நாங்கள்தான்.

நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, கைக்குத் தூளி கட்டித் தூங்க வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். கட்டை அவிழ்த்தார். மருந்து தருவார் என்று காத்திருந்தோம். பிளந்த பலாப்பழம் ஒன்றைத் தூக்கிப் பொன்னி முன்னால் வைத்தார். வலது கை பழத்தை அமுக்கிக்கொள்ள வேண்டும், இடது கை சுளையை இழுக்க வேண்டும். அப்புறம் கைகளை மாற்ற வேண்டும். இன்னொரு நாள் இளஞ்சூட்டுக் கேழ்வரகுக் களியைக் கொடுத்துப் பிசையச் சொன்னார். “இதெல்லாம் வைத்தியமா?” என்று கேட்டேன். “கண்ணுக்கு வெளையாட்டுங்க, கைக்கு வைத்தியம். இன்னிக்கு ரெண்டு வெரலு வேலைக்கு வந்திருக்குது. மத்ததெல்லாம் நாளைக்கு வருதாம்” என்றார், ஏதோ களை பறிக்க ஆள் கூப்பிட்டவர் போல.

மெல்ல மெல்ல மற்ற விரல்களும் வந்தன. ஆனாலும் பொன்னி வலது கையால் சாப்பிட மறுத்தாள். மற்றப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற பயம். அதிலே என்னைக் கொண்டு பிறந்திருந்தாள்.

எங்கள் ஊரில் அடுப்பு அணைந்துவிட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உடைந்த சட்டி ஓட்டில் தணல் வாங்கி வருவோம். அது வீட்டுப் பெண்பிள்ளைகளின் வேலை. பொன்னியை மட்டும் யாரும் அனுப்பியதில்லை. ஒருநாள் நர்சம்மா, “கண்ணு, நீ போயி நெருப்பு வாங்கிட்டு வா” என்றார். நான் பதறி எழுந்தேன். பெரியண்ணனும் ஓடிவந்தார்.

“வேண்டாமுங்க நர்சம்மா. ஊரே புல்லுக் கூரைங்க. காத்து வேற அடிக்குது.”

“அதனாலதானுங்க தண்ணிக் கொடத்தோட நான் வழியில நிக்கறேன்.”

அடியில் சாம்பல் பரப்பிய ஓட்டை இரண்டு கையாலும் ஏந்திப் பொன்னி வந்தாள். பாதி வழியில் வலது மணிக்கட்டு மடங்கியது. ஒரு கங்கு காய்ந்த புல்லில் விழுந்து புகைந்தது. நான் பாய்ந்தேன். நர்சம்மா என் துண்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். “பயப்படுங்க, வேண்டாங்கல. கையக் கட்டிக்கிட்டுப் பயப்படுங்க.”

பொன்னி ஓட்டைக் கீழே வைத்தாள். எங்களைப் பார்க்கவில்லை. வலது கையால் மண்ணை அள்ளி அள்ளிப் புகையின் மேல் போட்டாள். பிறகு ஓட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அன்றைக்கு அந்த நெருப்பில் கிண்டிய களியை வலது கையாலேயே உருட்டிச் சாப்பிட்டாள். பாதி கீழே சிந்தியது. நர்சம்மா அதைப் பார்க்காதவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி வந்த நாளுக்கு வருகிறேன். பெரியண்ணன் போனதும் பொன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அப்பா, அடுப்பு அணைஞ்சு போச்சுங்க. நெருப்பு வாங்கியாறேன்.” வெளியே காற்று பேயாய் அடித்தது. இந்த முறை வழியில் தண்ணீர்க் குடத்தோடு நிற்க நர்சம்மா இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு படுத்தபடியே இரண்டு கைகளையும் மார்பின் மேல் கட்டிக்கொண்டேன்.

அவள் திரும்பி வந்தாள். கஞ்சி காய்ச்சினாள். ராசம்மாளால் தலையைத் தூக்க முடியவில்லை; அவளுக்கு ஊட்டிவிட்டு என்னிடம் வந்தாள். இவள் வாயில் யார் சோறு வைப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்த என் வாயில், அந்த வலது கைதான் கஞ்சியை ஊற்றியது. அப்போதுதான் எனக்கு நர்சம்மாவுக்காக அழுகை வந்தது.

நாங்கள் பிழைத்துக்கொண்டோம். நர்சம்மா என் பயத்தைப் போக்கவில்லை. அந்தப் பயத்தோடேயே சும்மா இருக்கப் பழக்கினார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவ்வளவுதான். இதை எழுதும்போதும் பொன்னி தணல் வாங்கத்தான் போயிருக்கிறாள். காற்று பலமாக இருக்கிறது. நான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பேனாவைக் கீழே வைக்கிறேன்.