கண் திறக்கும் வேலை

போன வாரம், செத்துப்போய்ப் பதினேழு நாளான ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

சிரிக்காதீர்கள். பட்டப்பகல், மணி பதினொன்று. சாணார்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நண்பர் முருகேசனின் அப்பா தவறிவிட்டார். சம்பங்கித் தோட்டம் வைத்திருந்தவர். எடுப்பு அன்றைக்குப் போக முடியவில்லை. தாமதமாகத் துக்கம் விசாரிக்கப் போனேன்.

முன்னறையில் பெரிய போட்டோ. அதற்கு அவர் தோட்டத்துச் சம்பங்கியிலேயே மாலை. கீழே ஒரு விளக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து நிமிர்ந்தேன் - அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு 'அட, நீயா?' இருந்தது.

இத்தனைக்கும் முருகேசன் எனக்கு மதுரையில் பழக்கம். அவர் அப்பாவை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவருக்கும் என்னைத் தெரிய வழியில்லை.

நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திப் போட்டேன். அங்கேயும் பார்த்தார். நேராகப் பார்த்து எடுத்த போட்டோ எந்தப் பக்கம் போனாலும் நம்மைப் பார்க்கும்... அது எனக்கும் தெரியும். ஆனால் இவர் சும்மா பார்க்கவில்லை. என்னிடம் எதையோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. காபியை எப்படிக் குடித்தேன் என்றே தெரியவில்லை.

முருகேசனின் தங்கை தனலட்சுமி போட்டோவுக்கு நேர் எதிரே, தரையில் உட்கார்ந்திருந்தார். போட்டோ வந்த நாளிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாராம். சாப்பாடும் அங்கேதானாம்.

"எங்கய்யா போட்டோவுக்கே நிக்க மாட்டாகண்ணே. ஆதார் கார்டுல கூடக் கண்ணை மூடித்தான் இருப்பாக. எறந்தப்பறம் செல்லுல எடுத்ததைக் குடுத்து இதைப் பண்ணுனோம். திண்டுக்கல் நாகல் நகர்ல ஒரு ஸ்டுடியோவுல கண்ணைத் தொறந்து குடுக்குறாங்கண்ணே."

கண்ணைத் திறந்து கொடுக்கிறார்கள்!

"நான் வீட்டுக்குத் தெரியாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயி பதினோரு வருசம். எப்ப வந்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்குவாக. இப்பத்தாண்ணே என்னைய நேராப் பாக்குறாக."

அவர் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு எழுந்துபோய் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"இங்க பாருங்க, கண்ணுல ஒரு புள்ளி விழுந்திருக்கு. அதுகூட எனக்குத் தெரியாமப் போச்சு. ஒரு நாளாச்சும் கிட்டத்துல போயிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்ல?"

பார்த்தேன். இடது கண்ணின் வெள்ளையில், மூக்குப் பக்கமாக, கடுகை விடச் சின்னதாக ஒரு பழுப்புப் புள்ளி.

எங்கேயோ பார்த்திருக்கிறேனே...

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் சின்னாளப்பட்டியில் ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். சுங்குடிச் சேலையில் ஒரு வயதான அம்மா, மாலைக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கும் இடது கண்ணில் புள்ளி இருந்தது. அதே இடம். அதே பழுப்பு.

சாணார்பட்டி எங்கே, சின்னாளப்பட்டி எங்கே? திண்டுக்கல்லுக்குக் கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று. ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஜன்னலோர சீட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் முதுகு சில்லிட்டது.

மறுநாள் காலையில் ஷேவ் செய்யும்போது விஷயம் தெரிந்துவிட்டது. கன்னத்தில் பாதி நுரை. கண்ணாடியில் என் முகம். முகத்தில் இடது கண். அந்தக் கண்ணில் புள்ளி.

பிறந்ததிலிருந்தே இருக்கிற புள்ளி. கண்ணாடியில் இடவலம் மாறியே பார்த்துப் பழகியதால் போட்டோவில் பார்த்தபோது பிடிபடவில்லை. பாதி ஷேவிங்கோடு கட்டிலில் வந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வீட்டுச் சுவர்களிலிருந்து என்னை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷமாக வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். எழுத்துதான் எனக்குச் சோறு. ஆனால் கொஞ்ச காலமாக உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. பத்திரிகை ஆபீஸிலிருந்து இரண்டு போன் வந்த பிறகுதான் பேனா நகர்கிறது. போன மாதம் ஆசிரியருக்கு ஒரு மெயில் அடித்து வைத்தேன். 'இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்' - இவ்வளவுதான் மெயில். அனுப்பவில்லை. டிராஃப்ட்டில் கிடக்கிறது. ஒவ்வொரு வாரமும் திறந்து பார்க்கிறேன், மூடிவிடுகிறேன்.

அதே வாரத்தில் ஆசிரியர் வேறு போட்டோ கேட்டிருந்தார். "தலைப்புல இருக்கிறது பழைய படம் சார். புதுசா ஒண்ணு எடுத்து அனுப்புங்க." நிறுத்தப்போகிறவனுக்குப் புதுப் படம் எதற்கு? கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன்.

இப்போது போட்டோ எடுக்கிற சாக்கில் நாகல் நகருக்கு ஆட்டோ ஏறினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பழைய படத்தை எடுத்ததும் நாகல் நகரில் ஒரு ஸ்டுடியோவில்தான்... இது ஆட்டோ ஏறிய பிறகுதான் உறைத்தது.

"தொழில் எப்படிப் போகுது?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"ஓடுது சார்" என்றார்.

"பிடிச்சிருக்கா?"

கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார். இறங்கும்வரை பேசவே இல்லை. நம்மூரில் ஒருவரிடம் என்ன சம்பளம் என்று கேட்கலாம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கலாம், சுகர் எவ்வளவு இருக்கிறது என்றுகூடக் கேட்கலாம். பார்க்கிற வேலை பிடித்திருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவனுக்குத்தான் ஏதோ கோளாறு.

ஸ்டுடியோவின் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். தலையில் முக்காடு, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி. பெயர் ஷமீமா. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"சார்... நீங்களா?"

சாணார்பட்டி போட்டோவில் பார்த்த அதே 'நீயா'. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் கண்ணை எடுத்தீங்களாம்மா?"

அவர் மறைக்கவே இல்லை. கொஞ்சம் வெட்கப்பட்டாற்போல இருந்தது. ஸ்கிரீனில் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். முகம் இல்லை, மூக்கு இல்லை. இரண்டே இரண்டு கண்கள். என்னுடையவை. முகமில்லாமல் நான் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். யாருக்கும் இது வாய்க்க வேண்டாம்.

"கோவிச்சுக்காதீங்க சார். நான் வேலைக்குச் சேந்த புதுசு அப்ப. ஒரு பெரியவர் போட்டோ வந்துச்சு, கண்ணு மூடியிருந்துச்சு. யார் யாரு கண்ணையோ வச்சுப் பாத்தேன், பொம்மை மாதிரியே முழிச்சாரு. உங்க கண்ணை வச்சேன்... பெரியவர் பாத்துட்டாரு சார்."

பெரியவர் பார்த்துவிட்டாராம். சொல்லும்போது ஷமீமாவின் குரல் தானாகவே தணிந்தது.

"பொம்பளைங்களுக்குமா?"

"பொருந்துது சார். இமை முடியைக் கொஞ்சம் கூட்டுவேன், அம்புட்டுத்தான்."

"அந்தப் புள்ளியையாவது அழிச்சிருக்கலாமே?"

"அழிச்சுப் பாத்தேன். அழிச்சா உசுரு போயிருது."

எத்தனை பேருக்கு வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அவர் சொல்லி, பிறகு நான் இந்த ஊரில் எப்படி நடமாடுவது? எந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவது?

வேறொன்றைக் கேட்டேன். "இந்த வேலை பிடிச்சிருக்காம்மா?"

ஆட்டோக்காரர் மாதிரி முறைக்கவில்லை. சிரித்துவிட்டார்.

"எங்க வீடுகள்ல போட்டோ மாட்டுற வழக்கமே இல்ல சார். இந்த வேலை வேணாம்னு எங்கத்தா சொல்லிக்கிட்டேதான் இருக்காரு. அதுக்காக எனக்குப் புடிக்காமப் போயிருமா? கல்யாண ஆல்பம்னா வெள்ளையாக்கு, ஒல்லியாக்குன்னு உசுர வாங்குவாங்க. இவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வாட்ஸ்அப்ல வருவாங்க, பேசாமப் படுத்திருப்பாங்க. ரெண்டு கண்ணையும் வச்சு, நிழலைச் சரி பண்ணி, கடைசியா வெளிச்சத்தை ஏத்துவேன் பாருங்க... அந்த நிமிசம் தொறப்பாங்க சார். வீட்டு ஆளுங்க அப்பறந்தான். மொதல்ல என்னையத்தான் பாப்பாங்க. 'வாங்க'ன்னு சொல்லுவேன். அது யாருக்கு சார் கெடைக்கும்?"

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டும் வருமா? வந்தது.

"சாணார்பட்டியில ஒரு பொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. நீங்க வேணாம்னு சொன்னா வேற கண்ணு வச்சு மாத்திக் குடுத்துர்றேன். பழுது வந்திருச்சுன்னு ஏதாச்சும் சொல்லி வாங்கிக்கலாம்."

தரையில் உட்கார்ந்திருந்த தனலட்சுமி நினைவுக்கு வந்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த பார்வை. அதைப் போய்ப் பிடுங்குவதா? "இருக்கட்டும்" என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த ஒரே கண் தானம் அதுதான்.

"ஆனா என் கண்ணுல அப்படி என்னம்மா இருக்கு?"

"அன்னிக்கு நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க சார். மொத கட்டுரை வரப்போவுதுன்னு. அதுல என்ன எழுதியிருக்கீங்க, அடுத்து என்ன எழுதப் போறீங்கன்னு... தாடையை எறக்குங்கன்னு சொன்னாக் கூடக் கேக்கல. ஏதோ சொல்ல வாயெடுத்தீங்க, அப்ப அமுக்குனதுதான் அது."

சாணார்பட்டியில் என்னிடம் எதையோ சொல்ல வாயெடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது.

பிறகு புதுப் படம் எடுத்தார். நிமிர்ந்தேன், சிரித்தேன், தாடையை இறக்கினேன். சொன்னதையெல்லாம் கேட்டேன். ஸ்கிரீனில் ஏற்றினார். ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மௌஸில் இருந்த கை தன்பாட்டுக்கு அந்தப் பழைய ஃபோல்டர் பக்கம் போனது. பழக்க தோஷம். பாதி வழியில் நின்றுவிட்டது.

"உடம்புக்கு ஏதும் செய்யுதா சார்?"

எழுந்துபோய்ப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் யாரையும் பார்க்கவில்லை. புள்ளிகூட மங்கலாகத் தெரிந்தது.

"பேசாம அந்தப் பழைய கண்ணையே வச்சிடும்மா" என்றேன், வேடிக்கையாக. வேடிக்கையாகத்தானா? இல்லை. நிஜமாகவே கேட்டேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குச் சொந்தமான கண்தானே?

ஷமீமா மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மாட்டேன் சார். உசுரோட இருக்கவங்களுக்கு வைக்க மாட்டேன்."

"என்னோட கண்ணும்மா அது!"

"இருக்கட்டும் சார். அது மௌத்தானவங்களுக்குன்னு வச்சது. உங்களுக்கு அதை வைக்க எனக்குக் கை வராது."

குரலில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. அதுதான் என்னை என்னவோ செய்தது.

வீட்டுக்கு வந்து டிராஃப்ட்டைத் திறந்தேன். 'இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.' ரொம்ப நேரம் பார்த்தேன். அனுப்புவதற்கு முன்னால் ஷமீமாவைப் பற்றி யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது? எனக்கு இருக்கிற ஆட்கள் நீங்கள்தானே... உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது இது முடிந்திருந்தது. ஆபீஸிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அவர்கள் கூப்பிடுகிற நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

மெயில் இன்னும் டிராஃப்ட்டில்தான் இருக்கிறது. அழித்துவிட்டேன் என்று பொய் சொல்லப் போவதில்லை. மேலே நீங்கள் பார்ப்பது புதுப் படம்தான், ஷமீமா எடுத்தது எடுத்தபடியே. கண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

நேற்று அவருக்கு போன் போட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"தாராளமா வாங்க சார்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாட்ஸ்அப்ல மட்டும் வந்துறாதீங்க."